கட்டத் துணியில் ஒரு கோட்டு

கட்டம் போட்ட துணியில் கோட்டு தைக்கக் கொடுத்தால் எங்கள் மலைப்பகுதித் தையல்காரர்கள் வழக்கமான கூலியைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். துணியும் அரை மீட்டராவது அதிகம் வாங்கி வரச் சொல்வார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “கோடு சேர்க்கணும் டீச்சர்.” இந்தக் ‘கோடு சேர்ப்பது’ என்ற வேலைக்குள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் பாதி ஒளிந்திருக்கிறது. நான் கணக்கு ஆசிரியை. வீட்டில் தையல் மெஷின் வைத்து எனக்கும் பிள்ளைகளுக்கும் தைத்துக்கொள்பவள். கோட்டு தைக்கும்போது என்னென்ன கணக்கு வருகிறது, அதை வகுப்பில் எப்படிச் செய்து பார்த்தோம் என்பதையே இங்கே எழுதுகிறேன். கணக்கு ஆசிரியர்களுக்கும், தையல் ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் அவருக்கும், மேல்நிலையில் ஆடை வடிவமைப்பு நடத்துபவர்களுக்கும் பயன்படும்.

ஜாக்கெட் என்று எழுதாமல் கோட்டு என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஜாக்கெட் என்றால் புடவையோடு போடும் ரவிக்கை. நான் சொல்வது முழுக்கை, மடித்த காலர், லைனிங் எல்லாம் வைத்துத் தைக்கும் குளிர்காலக் கோட்டு.

முதலில் துணி

கட்டம் போட்ட கம்பளித் துணி என்றதும் உலகம் முழுவதும் நினைவுக்கு வருவது ஸ்காட்லாந்தின் டார்ட்டன். அங்கே மலைநாட்டு மக்களின் எழுச்சியை ஒடுக்கிய பிறகு, 1746இல் இயற்றப்பட்ட சட்டம் ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணிவதைத் தடை செய்தது. டார்ட்டன் துணியில் மேல்கோட்டு தைப்பதும் தடைக்குள் வந்தது. முதல்முறை மீறினால் ஆறு மாதச் சிறை, மறுமுறை என்றால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். 1782இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஒரு கட்டம் போட்ட கோட்டுக்காகச் சிறை என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. சமூக அறிவியல் ஆசிரியர் வந்து சொன்ன பிறகே நம்பினார்கள்.

டார்ட்டனில் பாவு நூலில் நிறங்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசை ஊடையிலும் வரும். இதிலிருந்து ஒரு நல்ல கணக்கு கிடைக்கிறது. பாவில் சிவப்பும் ஊடையில் சிவப்பும் சந்தித்தால் சிவப்பு. சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடம் தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றாவது நிறம். இரண்டு நிற நூலுக்குத் துணியில் 3 நிறம் தெரியும். மூன்று நூலுக்கு 6. நான்கு நூலுக்கு 10. அடுத்தது 15 என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். முக்கோண எண்களைக் கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டுவதைவிட, வண்ண பென்சிலால் இப்படிக் கட்டம் போட வைத்தால் மனதில் நிற்கிறது.

கம்பளிக்கு ஸ்காட்லாந்து வரை போனாலும், கட்டத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே வெளிநாடுகளில் விற்கும் கட்டம் போட்ட பருத்தித் துணி நம்முடையது. லுங்கியிலும் செட்டிநாட்டுக் கண்டாங்கியிலும் கட்டம் உண்டு. கைத்தறிக் கட்டத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாவு நூல்கள் அச்சுக்குள் கோக்கப்பட்டிருப்பதால் அகலவாக்கில் கட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். நீளவாக்கில் அப்படியில்லை. நெசவாளர் பலகையை அடிக்கும் வேகத்தைப் பொறுத்து ஒரு கட்டம் 5 செ.மீ., அடுத்தது 5.2 செ.மீ. என்று மாறும். அதனால் ஒரு கட்டத்தை அளந்து பத்தால் பெருக்கக் கூடாது. பத்துக் கட்டத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். சராசரி எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். கம்பளியானால் ஈரத்துணி வைத்து ஆவி காட்டினால் போதும். தைத்த பிறகு சுருங்கினால் சேர்த்த கோடு எல்லாம் கலைந்துவிடும்.

எவ்வளவு கூடுதல் துணி?

தையல்காரர் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்? வெற்றுத் துணி என்றால் ஒரு துண்டு முடிந்த இடத்திலேயே அடுத்த துண்டைத் தொடங்கலாம். கட்டத் துணியில் முடியாது. முதல் துண்டு எந்த நிறக் கோட்டில் தொடங்கியதோ, அதே கோடு மறுபடி வரும் இடம்வரை காத்திருக்க வேண்டும்.

150 செ.மீ. அகலக் கம்பளித் துணியில் இடம், வலம் என்ற இணைத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைக்க முடியும். ஆகவே நீளத்தை மட்டும் பார்ப்போம். தையலுக்கும் மடிப்புக்கும் விடுவதையும் சேர்த்துப் பின்புறம் 76 செ.மீ., முன்புறம் 78, கை 64, முன்பக்க உள்பட்டி 72 என்று வைத்துக்கொள்ளுங்கள். காலரும் பாக்கெட் மூடியும் இடைவெளிகளில் அடங்கிவிடும். வெற்றுத் துணியானால் 290 செ.மீ. போதும். கட்டம் 10 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது, எல்லாத் துண்டும் ஒரே நிறக் கோட்டில் தொடங்க வேண்டும் என்றால்? ஒவ்வொன்றையும் பத்தின் மடங்காக உயர்த்த வேண்டும்: 80, 80, 70, 80. மொத்தம் 310.

இதைக் கரும்பலகையில் போட்டபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “கடைசித் துண்டுக்கு அப்புறம்தான் வேற துண்டு இல்லையே டீச்சர், அதை எதுக்கு உயர்த்தணும்?” சரியான கேள்வி. 80, 80, 70, 72 என்று 302 செ.மீ. போதும். அப்படியானால் எந்தத் துண்டைக் கடைசியாக வைப்பது லாபம்? வகுப்பு இந்தக் கேள்வியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டியது. உயர்த்தும்போது எது அதிகம் வீணாகிறதோ அதைக் கடைசியில் வைக்க வேண்டும். இங்கே அது 72. ஆனால் 25 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பும் பெரிய கட்டம் என்றால் கதை மாறுகிறது. 72ஐக் கடைசியில் வைத்தால் 347 செ.மீ. ஆகும், 76ஐக் கடைசியில் வைத்தால் 326. வரிசையை மாற்றியதால் மட்டும் 21 செ.மீ. மிச்சம். 2 செ.மீ. கட்டத்துக்கோ இந்த நான்கு எண்களும் இரட்டைப்படை என்பதால் கூடுதல் துணியே வேண்டாம். புதிதாகத் தைக்கிறவர்கள் சின்னக் கட்டம் எடுப்பது நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடி பார்க்கும் துணி

கட்டத் துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இரண்டு துண்டு எடுப்பது ஆபத்து. அடியில் உள்ள மடிப்பில் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாது. ஒற்றைத் துணியில் முதலில் இடது முன்புறத்தை வெட்ட வேண்டும். பிறகு அந்தத் துண்டையே கவிழ்த்து, மீதித் துணியின் நல்ல பக்கத்தின் மேல் வைத்து, கோடுகள் ஒன்றோடொன்று ஓடிச் சேரும்வரை நகர்த்த வேண்டும். சரியான இடத்துக்கு வந்ததும் மேலே உள்ள துண்டு கண்ணுக்கு மறைந்தே போகும். அதுதான் அடையாளம். இப்போது வெட்டினால் வலது முன்புறம், இடதின் எதிரொளிப்பாகக் கிடைக்கும்.

இது எல்லாக் கட்டத்திலும் நடக்காது. சிவப்பு, பச்சை, நீலம், பச்சை, சிவப்பு என்று போய்த் திரும்பி வரும் கட்டம் சமச்சீரானது. சிவப்புக்கோ நீலத்துக்கோ நடுவில் கண்ணாடி வைக்கலாம். சிவப்பு, பச்சை, நீலம், மறுபடி சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே திசையில் ஓடும் கட்டத்தில் கண்ணாடி வைக்க இடமே இல்லை. இடப்பெயர்வு மட்டும்தான் உண்டு. அத்தகைய துணியில் கோட்டின் இரு முன்புறமும் ஒன்றுக்கொன்று பிம்பமாக அமையாது. கட்டம் உடம்பைச் சுற்றி ஒரே திசையில் ஓடும்படி விட்டுவிட வேண்டும். அதுவும் அழகுதான். ஆனால் கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். துணியின் மூலையை ஒரு கோட்டின் நடுவில் மடித்துப் பார்த்தால் போதும், அரை நிமிட வேலை.

வகுப்பில் இதற்குத் துணி தேவைப்படவில்லை. கட்டம் போட்ட சட்டை அணிந்து வந்த பிள்ளைகளை முன்னால் நிறுத்தினேன். பாக்கெட்டின் கோடு சட்டையின் கோட்டோடு சேர்கிறதா, பட்டன் பட்டியில் இரு பக்கமும் ஓடிச் சேர்கிறதா, தோளில் என்ன ஆகிறது என்று மற்றவர்கள் பட்டியல் எடுத்தார்கள். பாக்கெட்டைச் சாய்வாக, கிராஸாக வெட்டியிருந்த சட்டை ஒன்று இருந்தது. அது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. சாய்த்து வெட்டினால் கோடு சேர்க்கும் வேலையே இல்லை என்று விளக்கியபோது, சட்டைக்காரப் பையனுக்குச் சற்று ஏமாற்றம்.

வெட்டு விளிம்பு வேறு, தையல் கோடு வேறு

கோடு சேர்க்க வேண்டியது தையல் விழும் இடத்தில், வெட்டும் விளிம்பில் இல்லை. முதுகின் நடுவில் ஒரு தையல் வருகிறது. கட்டத்தின் அகலம் 8 செ.மீ., தையலுக்கு 1.5 செ.மீ. விடுகிறோம். கட்டத்தின் மையக் கோடு வெட்டு விளிம்பில் இருந்தால், இரு பக்கமும் 1.5 உள்ளே போய்விடும். முதுகின் நடுவே 8 செ.மீ. கட்டம் வர வேண்டிய இடத்தில் 5 செ.மீ. கட்டம் ஒன்று நெருங்கி நிற்கும். பேப்பரில் தையல் கோட்டை வரைந்து, அந்தக் கோட்டைத்தான் கட்டத்தின் மையத்தில் வைக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் கவனத்தால் சாதிக்கக்கூடியது. இனி வருவது எவ்வளவு கவனித்தாலும் சேராத இடங்கள். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பக்கத் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தின் விளிம்பு நேராக இறங்குகிறது. முன்புறத்தின் விளிம்பு 30 செ.மீ. இறங்கும்போது 5 செ.மீ. சாய்கிறது என்று வையுங்கள். நேர் விளிம்பின் நீளம் 30. சாய்ந்த விளிம்பின் நீளம் பிதாகரஸ் தேற்றப்படி 925இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 30.4 செ.மீ. மேலே சேர்ந்த கோடு கீழே வரும்போது 4 மி.மீ. தள்ளி நிற்கும். தைப்பவரின் கை மேல் குற்றமில்லை. சாய்வை இரு பக்கமும் சமமாகப் பிரித்துவிட்டால், அதாவது முன்னும் பின்னும் 2.5 செ.மீ. வீதம் சாய்த்தால், கிடைக்கோடுகள் கடைசிவரை சேரும். பேப்பர் வரையும்போதே எடுக்க வேண்டிய முடிவு இது.

பெண்களுக்கான கோட்டில் மார்புக்குப் பக்கத் தையலிலிருந்து ஒரு டார்ட் பிடிப்போம். டார்ட் 3 செ.மீ. துணியை விழுங்கினால், டார்ட்டுக்குக் கீழே சேரும் கோடு மேலே 3 செ.மீ. விலகிவிடும். ஆகவே டார்ட்டுக்குக் கீழே சேர்த்துவிட்டு, மேலே விட்டுவிட வேண்டும். அது கைக்கு அடியில் போய் மறையும் இடம். “கட்டமே 3 செ.மீ.ன்னா மேலயும் சேருமே?” என்று ஒரு மாணவன் கேட்டான். சேரும். டார்ட்டின் அளவு கட்டத்தின் முழு மடங்காக இருந்தால் எப்போதும் சேரும். கடிகாரக் கணக்கை இப்படி யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

தோளில் பின் துண்டு முன் துண்டைவிட ஒரு செ.மீ. அளவுக்கு நீளமாக வெட்டப்படும். தோள்பட்டையின் உருளைக்காக அந்த அளவைச் சுருக்கி ஏற்றுவோம். ஆகவே செங்குத்துக் கோடுகளைக் கழுத்துப் பக்கம் சேர்த்து, தோள் முனையில் விலக விடுவார்கள். கையின் மேல் வளைவும் அப்படியே. கம்பளிக் கோட்டில் அது கைக்குழியின் சுற்றளவைவிட மூன்று, நான்கு செ.மீ. கூடுதலாக இருக்கும். முன்பக்கம் கைக்குழியின் நடுவில் ஒரு குறி போட்டு, மார்பின் குறுக்கே ஓடும் கோடு கைக்கும் அதே உயரத்தில் தாவும்படி அங்கே சேர்ப்பார்கள். உச்சியிலும் பின்பக்கத்திலும் சேராது, சேர்க்க முயல்வதும் இல்லை. எதிரில் நிற்பவரின் கண் விழும் இடம் முன்பக்கம்.

பாக்கெட் மூடியைக் கடைசியில், முன்புறத்தின் டார்ட்டுகளைத் தைத்த பிறகே வெட்ட வேண்டும். டார்ட் கட்டத்தைக் குலைத்திருப்பதால் மூடியின் இரு ஓரமும் சேராது. பட்டன் பக்கத்து ஓரத்தைச் சேர்த்து மறு ஓரத்தை விடுவதே வழக்கம். காலரின் நடுக்கோடு முதுகின் நடுக்கோட்டோடு சேர வேண்டும். அடிக்காலர் கிராஸாக வெட்டப்படுவதால் அதற்குக் கவலை இல்லை.

மெஷினில் உட்காரும்போது

வெட்டியது சரியாக இருந்தும் தைத்த பிறகு கோடு விலகுவதுண்டு. மெஷினின் பற்கள் அடித்துணியை இழுக்கின்றன. மேல்துணியைப் பாதம் அழுத்திப் பிடிக்கிறது. அதனால் அடித்துணி சற்று வேகமாக ஓடும். நீளமான தையலின் முடிவில் மேல்துணி மிஞ்சி நிற்கும். கோட்டுக்குக் கோடு குண்டூசி குத்தி, அதோடு நிற்காமல் கையால் ஓட்டுத் தையலும் போட்டுவிட்டால் இந்த விலகல் குறையும். துணியின் நல்ல பக்கத்திலிருந்தே ஓட்டுத் தையல் போட ஒரு முறை இருக்கிறது. ஒரு துண்டின் தையல் ஓரத்தை உள்ளே மடித்து, மற்றதன் மேல் வைத்துக் கோடுகளைக் கண்ணால் பார்த்துச் சேர்த்து, மடிப்புக்குள்ளும் அடித்துணியிலும் மாறி மாறி ஊசியை ஏணிப்படி போல ஓட்ட வேண்டும். பிறகு மடிப்பைத் திறந்து உள்பக்கம் மெஷின் தையல் போடலாம். நேரம் பிடிக்கும். கோட்டு முழுவதிலும் அதிக நேரம் இதற்குத்தான் செலவாகிறது. மெஷின் ஓடும் நேரம் சொற்பம்.

முன்புறத்துக்கும் லேப்பலுக்கும் கேன்வாஸ் வைக்க வேண்டும். வீட்டில் ஒட்டும் கேன்வாஸ் போதுமானது. ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தேய்த்தால் கட்டம் வளையும். கையின் மேல் வளைவில் சுருக்கி ஏற்றிய துணியை ஈரத்துணி வைத்து ஆவியில் அடக்கலாம். கம்பளி அதற்கு இணங்கும், பருத்தி அவ்வளவு இணங்காது. பருத்தியில் தைப்பவர்கள் பேப்பரிலேயே அந்தக் கூடுதலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் காடா துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பதும், பழைய கோட்டு ஒன்றைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் இரண்டு புத்தகம் படித்ததற்குச் சமம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

வகுப்பில் நாங்கள் தாளில்தான் கோட்டு செய்தோம். பழுப்புத் தாளில் பிள்ளைகளே இரண்டு நிறத்தில் கட்டம் போட்டு, அளவில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, முன்புறம், பின்புறம், கை வெட்டிப் பசையால் ஒட்டினார்கள். தையலுக்கு விடுவது ஒட்டும் ஓரமானது. மூன்றில் ஒரு பங்கு என்பதால் விகிதக் கணக்கும் வந்துவிட்டது. குழுவுக்கு நான்கு பேர், நான்கு பாடவேளை.

சிக்கல் மதிப்பிடும்போது வந்தது. எல்லாக் குழுவின் கோட்டிலும் எங்காவது கோடு சேரவில்லை. சேராது என்பதும் தெரிந்ததே. வழக்கமாக நாம் செய்வதுபோல் தவறான இடத்தை எண்ணி மதிப்பெண் கழித்தால், கணக்கு அனுமதிக்காத ஒன்றைச் செய்யவில்லை என்று கழித்ததாகிவிடும். அதனால் இரண்டு கேள்வி மட்டும் வைத்தேன். எங்கே சேராமல் விட்டீர்கள்? ஏன் அங்கே? டார்ட்டுக்கு மேலே விட்டோம், கை மறைத்துவிடும் என்ற குழுவுக்கு முழு மதிப்பெண். முதுகின் நடுவே கட்டம் நெருங்கி வந்த குழுவும் ஓரத்தை அளந்து, எவ்வளவு விழுங்கியது என்று கணக்கிட்டு எழுதியது. அதற்கும் நல்ல மதிப்பெண்தான். எல்லா இடத்திலும் சேர்ந்ததுபோல் தோன்றிய ஒரு கோட்டு இருந்தது. பிரித்துப் பார்த்தால் ஒட்டிய பிறகு பேனாவால் கோட்டை நீட்டியிருந்தார்கள். நீட்டிய கோடு எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதச் சொன்னேன். அது 4 மி.மீ.யாக வந்ததா என்று கேட்காதீர்கள். மூன்றில் ஒரு பங்குக் கோட்டு அல்லவா, ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும்.

செய்து பார்க்க விரும்புவோர் கட்டத்தின் அகலத்தையும் நீளத்தையும் வேறு வேறு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் துண்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிட்டு, பிள்ளைகள் சரி என்று சாதிப்பார்கள். தாளில் அதற்கு மறுப்புச் சொல்ல வழியில்லை. துணியில் பாவும் ஊடையும் வேறு வேறாக இழுபடுவதை இழுத்துக் காட்ட ஒரு கட்ட லுங்கித் துண்டைக் கையோடு கொண்டு போங்கள்.